காரணம் எதுவுமில்லை

மேஸ்திரியின் முழங்கை என் வாயில் இறங்கியபோது முதலில் வலிக்கவில்லை. கோபம்தான் வந்தது. முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது, இன்னொன்று ஈறில் தொங்கியது. பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள் நான். குடித்துவிட்டு ஏறியவன், பாக்கெட்டில் பிளேடு வைத்திருந்தவன், படியில் தொங்கிக்கொண்டு பெண்களை உரசியவன் என்று எத்தனையோ பேரைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறேன். ஒருத்தனும் என் பல்லைத் தொட்டதில்லை. படிக்க வந்த இடத்தில், நாற்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில் ஒருவர் தொட்டுவிட்டார்.

அதோடு அவர் விடவுமில்லை. விழுந்தவளின் விலாவில் ஓர் உதை. மேசையைப் பிடித்து எழப் பார்த்தேன், மேசையையே தூக்கிச் சுவரில் அடித்தார். செங்கலும் சிமெண்டும் சுமந்த கை அது. சமையல்காரரும் இன்னொருவரும் சேர்ந்து அவரைக் கதவோடு அழுத்திப் பிடித்தபோது அவர் என்னைப் பார்க்கவேயில்லை, எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கேயே பார்த்துக் கத்தினார்.

இப்படிச் சொன்னால் என்மேல் இரக்கம் வரும். பயிற்சிக்குப் போன இல்லத்தை நடத்திய வார்டனம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் நான் நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முதலில் நடந்தது வேறு.

பஸ்களில் டிக்கெட் கொடுக்க மெஷின் வைத்த பிறகு எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாம் பொடிசுகள், கண்டக்டரக்கா என்று கூப்பிட்டுக் கொட்டமடிப்பார்கள். எட்டு மாதம் பொதுப்படிப்பு, இரண்டு இடத்தில் பயிற்சி. கடைசியில் ஒரு படிவம் தருவார்கள். அதில் இரண்டு கட்டம். ஒன்று சமூகப் பராமரிப்பு, மற்றது மனநலச் செவிலியம். ஒன்றில்தான் டிக் அடிக்க முடியும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள் என்பதால் எனக்கு இதுதான் பஸ், இதை விட்டால் அடுத்ததைப் பிடிப்பது கஷ்டம்.

நான் சேர்ந்த அன்றே மனதுக்குள் சமூகப் பராமரிப்பில் டிக் அடித்துவிட்டேன். பாதி குணமானவர்களுடன் ஒரு வீட்டில் இருப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, துணி மடிக்கக் கற்றுக்கொடுப்பது. யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். செவிலியம் என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள ஊசி போடுவது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அடிதடி அலுத்துப்போயிருந்தது. டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் புருஷனும் நானும் பதினோரு வருடம் அடித்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினோம். அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். என் கை மட்டும் என்னோடு இருக்கிறது.

முதல் பயிற்சி அப்படிப்பட்ட ஒரு பராமரிப்பு இல்லத்தில். எட்டு ஆண்கள். அதில் ஒருவர் மேஸ்திரி. கட்டட வேலை பார்த்தவர், ஐம்பது வயது. சாரத்தின் மேல் நின்றவரை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து பிழைத்தவர். அதற்குப் பிறகு காதில் குரல்கள். அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பின்னாலிருந்து தொடக்கூடாது. அந்தக் கோப்பு என் தலைக்கு மேலேயே ஆணியில் தொங்கியது. நான் படிக்கவில்லை. மனிதர்களை முகத்தைப் பார்த்தே எடைபோட்டுப் பழகியவளுக்குக் கோப்பு எதற்கு என்ற திமிர்.

அன்றைக்கு எல்லோரும் வெளியே கிளம்பி நிற்கிறோம். மேஸ்திரி வாசலுக்குப் போகும் நடையில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்னால் போய்க் காலரைப் பிடித்து இழுத்தேன். பிடரியில் மடக்கிய விரலால் நங்கு நங்கென்று இரண்டு வைத்தேன். "நகருடா எருமை, வழிய அடைச்சிக்கிட்டு" என்றேன். அதற்குப் பிறகுதான் முழங்கை.

வார்டன் பஞ்சை வாயில் திணித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். சம்பவத் தாள் என்று பெயர். மூன்று கட்டம்: முன்பு, அப்போது, பிறகு. முன்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழித்தேன். மேஸ்திரியின் பழைய தாள்களை எடுத்துக் காட்டினார், பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் முதல் கட்டத்தில் ஒரே வரி. காரணம் எதுவுமில்லை. அந்த இல்லத்தில் அதுதான் வழக்கம். கையெழுத்து மாறும், வரி மாறாது.

பயிற்சி மாணவி இல்லவாசி மேல் கைவைத்தால் படிப்பிலிருந்து நீக்கம், கேள்வியே கிடையாது. முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நானும் எழுதினேன். காரணம் எதுவுமில்லை. எழுத்து கோணாமல், அழகாக.

அன்று மாலையே மேஸ்திரியை வேனில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போனபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, என்னைவிட உயரம். என் வாயைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்றிருப்பார்கள்.

"நீ என்ன பண்ணே?" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பல் போய் வந்திருக்கிறேன், பெற்ற பெண் கேட்கிற கேள்வியா இது? கையைக்கூட ஓங்கிவிட்டேன். அவள் கத்தவில்லை, ஓடவில்லை. தலையை மட்டும் சாய்த்து இடது மணிக்கட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை, பழக்கம். நான் கையை இறக்கிக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

இரண்டாவது பயிற்சி மனநல வார்டில். வார்டுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் இன்சார்ஜ் என்பார்கள். ஆண் செவிலியர். வலது காது பாதிதான் இருக்கும். வகுப்புப் பொடிசு ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், யார் சார் கடித்தது என்று கேட்டுவிட்டான். ஒரு நோயாளி கடித்ததாகவும், அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது தான் சொல்லாமல் போர்வையை உருவியதாகவும் அவர் சொன்னார். எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். முன்னால் வந்து நில்லுங்கள், பேரைச் சொல்லுங்கள், தொடப்போவதைச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

பதினான்காவது கட்டிலில் மேஸ்திரி இருந்தார். இளைத்திருந்தார். உள்ளங்கை சுவரில். மருந்தில் கண் பாதி மூடியிருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. இவர் இங்கே கிடப்பது என்னால்தான் என்று உறுத்தியது, ஆனாலும் முன்பல் இல்லாத ஓட்டையை நாக்கு தொட்டபோதெல்லாம் வேண்டும் இவனுக்கு என்றும் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், இரண்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, குளிக்கும் நேரம். புதிதாகச் சேர்ந்த உதவியாளன் அவசரக்குடுக்கை. ஜன்னலோரம் நின்ற மேஸ்திரியின் தோளில் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இழுத்தான்.

மேஸ்திரி திரும்பிய வேகத்தில் அவர் தலை அவன் மூக்கில் மோதியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. துண்டு சிவப்பாகிவிட்டது. இரும்பு ஸ்டூலைத் தூக்கி எறிந்தார், மருந்து வண்டி கவிழ்ந்து கண்ணாடி சிதறியது. அந்தச் சத்தத்தில் எட்டாம் கட்டில்காரர் தன் தலையைக் கட்டில் கம்பியில் முட்ட ஆரம்பித்தார். வேறு இரண்டு உதவியாளர்கள் மேஸ்திரி மேல் பாய்ந்து குப்புறத் தள்ளினார்கள், ஒருத்தன் முதுகில் முட்டியை ஊன்றினான். அவர் முகம் கண்ணாடித் தூளில் அழுந்தியது. நான் இடது காலைப் பிடித்தேன். குதிகால் என் நெஞ்சில் இடித்தது.

அப்போது ஒன்று செய்தேன். அந்தக் கணுக்காலைப் பிடித்து முறுக்கினேன். அடக்குவதற்காக இல்லை. என் இரண்டு பல்லுக்காக. அவர் ஊளையிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் பயங்கரம்.

இன்சார்ஜ் முன்னால் வந்து தரையில் படுத்துக்கொண்டார், கண்ணாடித் தூளிலேயே, மேஸ்திரியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து. முதுகிலிருந்து இறங்கச் சொன்னார், மூச்சு நிற்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்.

"கை."

பார்த்துவிட்டார். நான் விட்டேன். அவர் மேஸ்திரியிடம் மெதுவாக, பின்னால் யாருமில்லை, எல்லோரையும் அனுப்பிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறேழு நிமிடத்தில் அந்த உடம்பு தளர்ந்தது. ஊசியே போடவில்லை.

எட்டாம் கட்டில்காரரின் நெற்றிக்குத் தையல் போட்டு, உதவியாளனை எக்ஸ்ரேக்கு அனுப்பி, தரையைப் பெருக்கி முடித்த பிறகு இன்சார்ஜ் சம்பவத் தாளை எடுத்தார். அதே தாள், அதே மூன்று கட்டம். இங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் கட்டம் நிறையாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. அங்கே இருந்த ஒவ்வொருவரும் தன் வரியைச் சொல்லவேண்டும். இன்சார்ஜ் தன் வரியை முதலில் எழுதினார்: புது உதவியாளருக்குப் பதினான்காம் கட்டிலைப் பற்றி நான் சொல்லித் தரவில்லை. முட்டியை ஊன்றியவன் தன்னுடையதைச் சொன்னான். நாற்பது நிமிடம் ஆனது. பேனா என் பக்கம் வந்தது.

"காலை முறுக்கினீங்களே, அதை அப்போதுங்கிற கட்டத்துல எழுதுங்க."

எழுதினால் என் கதி என்ன என்று கேட்டேன்.

"எழுதினீங்கன்னா எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித் தரலாம். எழுதலைன்னா உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தரது?"

எழுதினேன். மறுநாள் காலை அவர் தன் காலையே நீட்டி, எங்கே பிடிக்கவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அரைமணி நேரம் காட்டினார். திட்டு ஒன்றுமில்லை.

பிறகு அலமாரியிலிருந்து இல்லத்திலிருந்து வந்த பன்னிரண்டு தாள்களை எடுத்து வைத்தார். வியாழக்கிழமை டாக்டர் முன்னால் கூட்டம் என்றார். இல்லம் மேஸ்திரியின் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறது. காரணமே இல்லாமல் பன்னிரண்டு முறை அடித்தவன் என்று தாள் சொல்கிறபோது டாக்டர் வேறென்ன செய்வார்? பின்கட்டிடத்துப் பூட்டிய வார்டுதான். ஆறு வருடத்தில் அங்கிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. கடைசித் தாளில் பயிற்சி மாணவி என்று மட்டும் இருந்தது. அவர் என் வாயைப் பார்த்தார். தாள்களை அடுக்கி அலமாரியில் வைத்தார்.

புதன்கிழமை மதியம் வார்டன் போன் செய்தார். கெட்டிக்காரி. மோப்பம் பிடித்துவிட்டார். என் பல் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார், என்னைப்போலக் கண்டிப்பான ஆள்தான் இல்லத்துக்குத் தேவை என்றார், சமூகப் பராமரிப்பில் டிக் அடித்தால் தேர்வுக்குழுவில் தானே உட்காருவதாகவும் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்றும் சொன்னார். நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நானே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்சார்ஜிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒருத்தி தப்பான தாள் எழுதியிருந்தால், இப்போது சொன்னால், இங்கே சேர்த்துக்கொள்வீர்களா? சேர்த்துக்கொள்வது தன் கையில் இல்லை என்றார். உண்மையாக எழுதின தப்பை இங்கேயே திருத்தலாம், பொய்த் தாள் என்றால் முதல் ஆளாகக் கல்லூரிக்கு எழுதிப்போடுவது தானாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஒரு பக்கம் இடமும் வேலையும். இன்னொரு பக்கம் ஒரு மண்ணும் இல்லை.

வியாழக்கிழமை மேஸ்திரியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே டாக்டர், வார்டன், இன்சார்ஜ், ஓரத்தில் நான். டாக்டர் பன்னிரண்டு தாளையும் புரட்டினார். பேனாவைத் திறந்தார். அந்த நொடியில் எனக்கு மேஸ்திரி ஞாபகம் வரவில்லை. மணிக்கட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்ட என் மகள்தான் வந்தாள்.

"கடைசித் தாள் நான் எழுதினது. பொய். நான்தான் பின்னாடி போய்க் காலரைப் பிடிச்சு இழுத்தேன். பிடரில ரெண்டு குட்டினேன். எருமைன்னு சொன்னேன். அப்புறம்தான் அவரு அடிச்சாரு."

வார்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பைத்தியங்களோடு சேர்ந்து எனக்கும் பிடித்துவிட்டது என்றார். விரலை என் கண்ணுக்கு நேராக ஆட்டினார். பழைய கண்டக்டராக இருந்திருந்தால் அந்த விரலை ஒடித்திருப்பேன். என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் மற்ற பதினொரு தாளை யார் யார் எழுதியது என்று கேட்டார். வார்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஸ்திரியின் கட்டிலை இரண்டு மாதம் காலியாக வைக்கவேண்டும், அவர் திரும்பிப் போவார், இனி முதல் கட்டத்தில் காரணம் எதுவுமில்லை என்று வரும் தாளை வாங்கமாட்டேன் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் வெளியே வந்தேன். மேஸ்திரி சுவரோரம் நின்றிருந்தார். சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால், இரண்டடி தள்ளி நின்றேன். நான் யார் என்று சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கு அந்தச் சொவத்துக்குள்ள தண்ணி ஓடிச்சு. உள்ள குழாய் உடைஞ்சிருந்துது. கையில தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் நின்னேன்."

பிறகு விசாரித்தேன். நான் அடித்த நாலாம் நாள் அந்த நடையின் சுவர் ஊறிப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது. நான் அவரை ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பல்லும் இருந்திருக்கும், அவர்கள் சுவரும் இருந்திருக்கும்.

இன்சார்ஜ் சொன்னபடியே எழுதிப்போட்டார். கல்லூரி என்னை அந்த வருடத்துக்கு நீக்கியது. மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்து, அடுத்த வருடம் ஒரே ஒரு முறை விண்ணப்பிக்கலாம் என்றார்கள், அதுவும் இன்சார்ஜின் அதே கடிதத்தில் கடைசி வரியாக ஏதோ இருந்ததால்தானாம். என்ன வரி என்று எனக்குக் காட்டவில்லை. அலுவலகப் பெண் புதுப் படிவத்தைக் கொடுத்தாள். இரண்டு கட்டம். அந்த மேசையிலேயே மனநலச் செவிலியத்தில் டிக் அடித்தேன். அடியே இல்லாத இடம் என்று நினைத்துத்தான் நான் இல்லத்துக்குப் போனேன், போய் நானே அடித்தேன். வார்டில் அடி விழும் என்று எல்லோருக்கும் தெரியும், யார் கை எங்கே இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். என் கையைத் தனியாக விட எனக்கே பயமாக இருக்கிறது. சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாது.

ஒரு வெற்றுச் சம்பவத் தாளை இன்சார்ஜிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். தேதி, பத்து வருடத்துக்கு முந்தையது. முன்பு: டிப்போவில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். மகள் என் சீருடைச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் கருக்கியிருந்தாள். அப்போது: பின்னாலிருந்து அவள் இடது கையைப் பிடித்து முறுக்கினேன். மணிக்கட்டு ஒடிந்தது. அவளுக்கு வயது ஒன்பது. பிறகு என்ற கட்டத்தில் எழுத எனக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: மருத்துவமனையில் டாக்டரிடம், ஒன்றுமில்லை, தானாக வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை எடுத்தாள். முதல் கட்டத்தில் ஒரு வரியின் மேல் கோடு போட்டாள்.

"நான் கருக்கல. அப்பாதான் உனக்கு முன்னாடி வந்து கருக்கினாரு. வேணும்னே வெச்சு அழுத்தினாரு. நீ வந்தா கத்துவியேன்னு நான் எடுத்து ஒளிச்சு வைக்கப் போனேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பத்து வருடமாக நான்தான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சத்தமாகவே வந்தது. அவள் நான் அழுது முடிக்கக் காத்திருக்கவில்லை.

தாளைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாவது கட்டத்தில் என் வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுதினாள். எட்டிப் பார்க்கத் தோன்றியது. எழுந்தால் அவளுக்குப் பின்னால்தான் போய் நிற்கவேண்டியிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டம் நிறைந்ததும் அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்.